கப்பித்தான் அழுத பிற்பகல்

ஒரு நாய் அழுதுகொண்டிருக்கிறது. அதன் வலது பின்னங்காலை நான் எடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எடுத்த கால் பழைய துண்டில் சுற்றி மூலையில் ஒரு வாளியில் இருக்கிறது. தூத்துக்குடி மில்லர்புரத்தில் என் கிளினிக்கின் பின்னறையில், கோரைப்பாயில் கிடந்தபடி, அது தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்து அழுகிறது. குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம், விடாமல்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது, எழுதிக்கொண்டே போனால் எங்காவது ஓரிடத்தில் புரிந்துவிடும் என்று நினைத்தேன். ஐந்தாறு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. புரியவில்லை. ஆகவே இந்த வாரம் டாக்டரம்மா ஏதோ விளக்கப் போகிறாள் என்று எதிர்பார்ப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிச் சமையல் குறிப்புக்குப் போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அழுதால் வலி என்றுதானே சொல்வீர்கள்? நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த நாய்க்கு நான் மார்ஃபின் போட்டிருந்தேன். கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு ஊசி, நடுவில் கொஞ்சம். என் கையில் இதுவரை அறுபட்ட நாய்களிலேயே வலி குறைவாக இருந்திருக்க வேண்டிய நாய் அதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சில நாய்களுக்கு அந்த மருந்தே பயத்தைக் கொடுக்கும். எங்கே இருக்கிறோம், யார் தொடுகிறார்கள் என்று தெரியாமல் போய், வலி இல்லாமலே அலறும். அழுகை வலியால் என்றால் இன்னும் மருந்து போட வேண்டும். மருந்தால் என்றால் போட்ட மருந்தை முறிக்க வேண்டும். இரண்டு வைத்தியமும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். தப்பானதைத் தேர்ந்தெடுத்தால் அனுபவிப்பது நாய்.

பக்கத்தில் முழங்காலிட்டிருந்த இன்னாசி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டரம்மா, இவன் ஏன் இப்பிடி அழுவுதான்? வலிக்காதுன்னுதான சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றேன்.

வந்த வழி

இன்னாசி புன்னைக்காயல்காரர். கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். இப்போது பெரும்பாலும் கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டுதான் இறங்குகிறார்கள். ஆழம் குறைந்த இடங்களில் இன்னாசி குழாய் இல்லாமல், வெறும் மூச்சை அடக்கியே போய்வருவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிடச் சின்னவர்தான். ஆனாலும் கடற்கரைக்காரர்களை 'அண்ணே' என்று கூப்பிடுவது என் பழக்கம்.

நாய்க்குக் கப்பித்தான் என்று பெயர். எந்தக் காலத்திலோ வந்துபோன போர்த்துகீசியர் அந்தக் கரையில் விட்டுப்போன சொற்களில் ஒன்று. கேப்டன் என்று அர்த்தம். பெயருக்கு ஏற்ற மாதிரி வள்ளத்தின் முன்முனையில்தான் உட்காருமாம். வேறு யாராவது அங்கே உட்கார்ந்தால் முறைக்குமாம்.

அன்று காலை ஆற்றுமுகத்தில் இரண்டு வள்ளங்கள் அடுத்தடுத்து நின்றிருக்கின்றன. கப்பித்தான் தினமும் தாவுவதுபோல ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவியிருக்கிறது. அலை ஒன்று தூக்கி அடித்து, இரண்டு வள்ளமும் மோதி, நடுவில் கால். லோடு ஆட்டோவில் ஏற்றி, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து நாயின் காலைச் சுற்றி, அரைக்கால் சட்டையோடு வந்து நின்றார் இன்னாசி. சாரம் முழுக்க ரத்தமும் உப்புத் தண்ணீரும். அவிழ்த்துப் பார்த்தேன். அந்தக் காலைக் காப்பாற்ற முடியாது என்பதில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை. அன்று முழுவதும் எனக்குத் தெளிவாக இருந்த ஒரே விஷயம் அதுதான்.

கைராசி

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் படித்த காலத்தில் நாய்க்கு ஆபரேஷன் என்றால் இரண்டு மருந்து. இரண்டையும் கலந்து போட்டால் நாய் கண்ணைத் திறந்தபடியே கட்டையாகக் கிடக்கும். வெட்டுவோம், தைப்போம். நடுவில் கால் துடித்தால் "மயக்கம் பத்தல" என்று இன்னும் கொஞ்சம் ஏற்றுவோம். துடிப்பது நின்றால் வலி நின்றது என்று அர்த்தம். அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இல்லை, யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. யாருமே கேட்கவில்லை. அவ்வளவுதான்.

தூத்துக்குடிக்கு வந்து கிளினிக் வைத்த பிறகும் அதேதான். கர்ப்பப்பை எடுத்த நாய், கட்டி அறுத்த நாய், வயிற்றில் மாட்டிக்கொண்ட மாங்கொட்டையை எடுத்த நாய் எல்லாம் கண் விழித்ததும் மூலையில் போய் முதுகைக் குறுக்கி உட்கார்ந்துகொள்ளும். ஒரு முனகல்கூட வராது. மறுநாள் உரிமையாளர்கள் வந்து, "ஒரு சத்தம் போடலம்மா, சமத்தா கெடந்துச்சு. ஒங்களுக்குக் கைராசி" என்பார்கள். முத்தையாபுரம், ஏரல் பக்கமிருந்தெல்லாம் கைராசி டாக்டரம்மாவைத் தேடி வந்தார்கள். எனக்கும் அந்தப் பேர் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்.

பிறகு ஒரு வருஷம், எந்த வருஷம் என்று சரியாக நினைவில்லை, சென்னையில் ஒரு பயிற்சி வகுப்பு. திரையில் ஒரு நாயின் வீடியோ போட்டார்கள். மூலையில், முதுகைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி, சத்தமே இல்லாமல். "இந்த நாய் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கி, "நன்றாக இருக்கிறது" என்றேன். கடுமையான வலியில் இருக்கிற நாயாம் அது. வலி இருப்பதைக் காட்டினால் மற்ற விலங்கு வந்து கடிக்கும் என்று மறைத்து வைத்துக்கொள்ளுமாம்.

திரும்பி வரும்போது ரயிலில் தூங்கவில்லை. சமத்தாகக் கிடந்த நாய்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. வெட்கமாக இருந்தது. வெட்கம் என்ற சொல் போதாது.

மார்ஃபின் வாங்க அனுமதி கேட்டு ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தது அதற்குப் பிறகுதான். அங்கே இருந்த ஒரு ஊழியர் என் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். "நாய்க்கா?" என்றார். ஆமாம் என்றேன். "எங்க பெரியம்மை புத்துநோய்ல கெடந்து கத்துனா. அவளுக்கே இது கெடைக்கலயே, மேடம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார். பிறகு அனுமதி வந்தது.

மாவு பிசைந்த பூனை

மருந்து கையில் வந்ததும் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நினைத்தேன். முதல் அடி ஒரு பூனையிடமிருந்து வந்தது.

எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சியின் பூனை. பெயர் லட்சுமி. கருத்தடை ஆபரேஷன். மார்ஃபினில் ஒரு பொட்டு அளவு போட்டிருந்தேன். கண் விழித்த லட்சுமி, கண்மணி வட்டமாக விரிந்து, மெத்தையில் முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றி ஊன்றி மாவு பிசைய ஆரம்பித்தது. குர்ர் குர்ர் என்று ஒரே சத்தம். முகத்தை என் கையில் வந்து தேய்த்தது. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

"டாக்டரம்மா, பத்து வருசமா கடையில கெடக்கா. ஒரு நாள் இப்பிடி என்னயப் பாத்துக் கொஞ்சுனதில்ல. அந்த ஊசில எனக்கொண்ணு போடுங்களேன். முட்டுவலி உயிரு போவுது."

நானும் சிரித்தேன். அண்ணாச்சி போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பூனை சந்தோஷத்திலும் குர்ர் என்னும், வலியிலும் குர்ர் என்னும். சாகப் போகிற பூனைகூட என் மடியில் கிடந்து அப்படிச் சத்தம் போட்டிருக்கிறது. லட்சுமிக்கு உண்மையிலேயே வலி இல்லையா? அல்லது வலிக்கு மேலே மருந்து ஒரு போர்வையைப் போட்டிருக்கிறதா? கேட்டால் சொல்லவா போகிறது?

முன்பு சத்தம் போடாததை வைத்து ஏமாந்தேன். இனிமேல் சத்தம் போடுவதை வைத்தும் ஏமாறலாம் போலிருக்கிறதே என்று நினைத்தது ஞாபகம்.

கயிறு யார் கையில்?

கப்பித்தான் வந்த அந்த நாளுக்குத் திரும்புகிறேன். காலை எடுக்க வேண்டும், மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பேன், வலிக்காது என்று இன்னாசியிடம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவன் உள்ள எறங்குன பொறவு கயிறு யாரு கையில?"

எனக்கு விளங்கவில்லை. நான் தாமிரபரணிக் கரை வயல்காட்டுப் பிள்ளை. கடலைப் பற்றிய என் ஞானமெல்லாம் மீன்குழம்போடு சரி. அவர் பொறுமையாகச் சொன்னார். ஒருவன் கடலுக்குள் இறங்கினால், மேலே வள்ளத்தில் ஒருவன் அவன் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். கீழே போனவன் கயிற்றைச் சுண்டினால் இழுத்து மேலே கொண்டுவர வேண்டியது அவன் வேலை. முத்துக் குளித்த காலத்திலிருந்தே அந்த வேலை மச்சானுக்குத்தான். மனைவியின் அண்ணன் தம்பி, இல்லாவிட்டால் தங்கை புருஷன்.

"வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டோம். நான் செத்தா அவன் தங்கச்சிதான தாலி அறுப்பா? அவன் கண்ணசர மாட்டான்."

"மச்சானோட சண்டைன்னா என்ன செய்வீங்க?" என்று சீண்டினேன்.

"சண்டைன்னாலும் கயிறு அவன் கையிலதான். கரைக்கு வந்து பேசாம இருந்துக்கிடுவோம்."

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. என் ஆபரேஷன் அறையில் கயிறு பிடிக்க ஆள் இல்லை. பெரிய ஊர்களில் மயக்கத்தை மட்டும் கவனிக்கத் தனி டாக்டர் உண்டு. இங்கே வெட்டுவதும் நான், ஊசி போடுவதும் நான், நடுநடுவே மூச்சு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதும் நான். என் உதவியாளர் செல்விக்குக் கத்தரிக்கோலும் பஞ்சும் எடுத்துக் கொடுக்கவே நேரம் போதாது. இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடியது. அதை வாய்விட்டுச் சொன்னபோதுதான் எவ்வளவு அசிங்கம் என்று எனக்கே உறைத்தது.

"அப்ப நான் புடிக்கேன்" என்றார் இன்னாசி.

உரிமையாளர்களை நான் உள்ளே விடுவதில்லை. ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுவார்கள், பிறகு இரண்டு நோயாளி ஆகிவிடும். ஆனால் அன்று விட்டேன். தொப்பி, முகமூடி, அவர் தோளுக்குப் பத்தாத ஒரு பச்சை அங்கி. நாயின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இடது கையை அதன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். மூச்சு உள்ளே போகும்போதெல்லாம் "ம்" என்றார். நான் வெட்டிக்கொண்டே அந்த "ம்"மைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கால் பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் ஆபரேஷன் செய்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது ஊசி

அதன் பிறகுதான் முதலில் சொன்ன அழுகை.

தையலுக்குப் பக்கத்தில் மெல்ல அழுத்தினேன். வலி என்றால் உடனே திரும்பிப் பார்க்கும், கடிக்க வரும். பார்க்கவில்லை. அப்படியானால் மருந்தா? தள்ளி, காதைத் தொட்டேன். அலறல் கூடியது. அப்படியானால் எல்லாமே வலிக்கிறதா? இன்னாசி "ஏலே கப்பித்தான், இங்கன பாருலே" என்று முகத்தருகே போனார். எஜமானைப் பார்த்து வால் அசைந்த மாதிரி இருந்தது. அசையாத மாதிரியும் இருந்தது.

சென்னையில் கால்நடை மருத்துவம் சொல்லிக் கொடுக்கும் என் வகுப்புத் தோழிக்குப் போன் போட்டேன். சத்தத்தை அவள் காதில் கேட்கும்படி போனை நீட்டினேன்.

"வலியா இருக்கலாம். மருந்தாவும் இருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம்டி" என்றாள்.

"இதுக்கா உனக்கு சம்பளம்?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன்.

வலி என்று முடிவு செய்தேன். எதை வைத்து? சரியான காரணம் எதுவும் இல்லை. இன்னாசி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அது ஒன்று. இன்னொன்று, மூலையில் முதுகைக் குறுக்கி உட்கார்ந்திருந்த என் பழைய நாய்கள். அவற்றுக்குப் போடாமல் விட்டதையெல்லாம் அன்று அந்த ஒரு நாய்க்குப் போட்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. இன்னொரு அளவு மார்ஃபின், கூடவே பதற்றம் தணிய இன்னொரு ஊசி கொஞ்சம்.

பத்து நிமிஷத்தில் அழுகை அடங்கியது. தலை மெல்லப் பாயில் சாய்ந்தது. இன்னாசி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே" என்றார். செல்வி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பழைய கைராசி டாக்டரம்மா எனக்குள் லேசாக எழுந்து உட்கார்ந்தாள். அதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

அந்த நேரம் வெளியே ஒரு நாய்க்குட்டிக்கு வலிப்பு. வைத்திருந்த பெண் போட்ட கூச்சலில் செல்வி ஓடினாள். நானும் எழுந்தேன்.

"அண்ணே, நெஞ்சுல கைய வச்சுக்கிட்டே இருங்க. மூச்சு ரொம்ப மெதுவாச்சுன்னா ஒரு குரல் குடுங்க."

"நீங்க போங்க டாக்டரம்மா. நான் புடிச்சிருக்கேன்" என்றார்.

ஆபரேஷன் அறையில் ஒவ்வொரு மூச்சையும் நான் காதால் கேட்டேன். இப்போது நடுவில் ஒரு சுவர். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தம் கட்டுதான்

குட்டியின் வலிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பின்னறையிலிருந்து குரல் எதுவும் வரவில்லை. கை கழுவிவிட்டு உள்ளே போனேன்.

இன்னாசி சிரித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அந்த முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

"டாக்டரம்மா, இங்கன வந்து பாருங்க. என்னமா தம் கட்டுதான்! நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், நேரமாவ நேரமாவ கூடுது. என்னயே மிஞ்சிருவான் போலுக்கு."

ஒரே எட்டில் பாயருகே மண்டியிட்டேன். கப்பித்தானின் வாயைப் பிளந்தேன். நாக்கு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. நெஞ்சு அசையவில்லை. காத்திருந்தேன். அசையவில்லை.

"செல்வி!"

அந்தக் கத்தலுக்குத் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். முகத்தில் முகமூடியைக் கவிழ்த்து, ஆக்சிஜனைத் திறந்து, காற்றுப் பையை அழுத்தினேன். முறிமருந்துக் குப்பியைச் செல்வி எடுத்து நீட்டினாள். நானே வாங்கி உடைத்தேன். ரத்தக்குழாயில் மருந்து ஏறியது. பையை அழுத்தினேன், விட்டேன். அழுத்தினேன், விட்டேன். பையின் சத்தம் தவிர அறையில் வேறு சத்தமே இல்லை.

கப்பித்தான் தானாக ஒரு மூச்சை இழுத்தது. பிறகு இன்னொன்று. நாக்கில் நீலம் விலகிச் சிவப்பு ஏறியது.

இன்னாசி சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கத் தொடங்கியிருந்தது.

"சேசுவே… அவன் முங்கிக்கிட்டு இருந்திருக்கான். நான் மேல இருந்து வேடிக்கை பாத்திருக்கேன்."

அவரைத் திட்ட வாயெடுத்தேன். வரவில்லை. மூச்சு மெதுவானால் கூப்பிடுங்கள் என்றேனே, எவ்வளவு மெதுவானால் என்று சொன்னேனா? உயிர் பிழைத்து மேலே வர மூச்சை அடக்கிப் பழகிய மனுஷனிடம் போய் 'ரொம்ப மெதுவா' என்றால் அவர் எதை வைத்து அளப்பார்? தன் மூச்சை வைத்துத்தானே அளப்பார். அவர் பிள்ளையாய் வளர்த்த நாய் நீளமாய்த் தம் கட்டினால் பெருமைப்படாமல் என்ன செய்வார்? தப்பு முழுக்க என்னுடையது.

அரை மணி நேரம்

முறிமருந்து என்பது லேசுப்பட்ட காரியமில்லை. அது மார்ஃபினை ஓரமாகத் தள்ளிவிடும். மூச்சை அடைத்ததும் போகும், வலியை மறைத்ததும் போகும். அரை மணி நேரமோ சற்றுக் கூடவோ. பிறகு முறிமருந்து தேய்ந்ததும், உடம்பில் மிச்சமிருக்கிற மார்ஃபின் திரும்பி வரும். நல்லதும் வரும், ஆபத்தும் வரும்.

கப்பித்தான் கண் திறந்தது. தன் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தது. கால் இருந்த இடத்தைப் பார்த்தது. பிறகு அழுதது.

இந்தத் தடவை சந்தேகமே இல்லை. மார்ஃபின் முறிந்துவிட்டது. இது வலிதான். வேறொரு வலி மருந்தை ஊசியில் போட்டேன். அது வேலை செய்ய நேரம் பிடிக்கும். அதுவரை செய்வதற்கு எதுவும் இல்லை.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. காதைத் தீட்டிக்கொண்டு அந்த அழுகையைக் கேட்டேன். உண்மையான வலி எப்படி அழும் என்று இப்போதாவது தெரிந்துகொள்ளலாம், அடுத்த நாய்க்கு உதவும் என்று கேட்டேன். முதல் அழுகையோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏற்றம், இறக்கம், இழுப்பு எல்லாம்.

செல்விதான் சொன்னாள்.

"அக்கா, மொதல்ல அழுததும் இதே மாதிரிதான?"

ஆமாம். இதே மாதிரிதான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அப்படியானால் முதலில் அழுததும் வலியா? நான் போட்ட இரண்டாவது ஊசி சரியா? சரியென்றால் நாக்கு ஏன் நீலமாயிற்று? இல்லை, இரண்டும் வேறு வேறு அழுகைதானா, என் காதுதான் செவிடா? நான் இருபத்து மூன்று வருஷமாய் நாய்களோடு இருப்பவள்.

இன்னாசி மட்டும் அழுகையைக் கேட்டு அழுதுகொண்டே சிரித்தார். "அழு ராசா. நல்லா அழு. இன்னும் சத்தமா அழு" என்றார். ஆனால் பக்கத்தில் வரவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தள்ளியே நின்றார்.

"வந்து நெஞ்சுல கைய வைங்கண்ணே" என்றேன்.

"நான் மாட்டேன். கயிறு விட்டவன் கையில மறுபடி யாரும் கயிறு குடுக்க மாட்டாவ. வேற ஆளு வைங்க."

"நீங்க விடல. நான்தான் எங்க இழுக்கணும்னு சொல்லல. இவனுக்கு வேற மச்சானும் இல்ல. வாங்க."

வந்தார். உட்கார்ந்தார். கையை வைத்தார். இந்தத் தடவை சரியாகச் சொன்னேன். ஒரு மூச்சு முடிந்ததும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும், சத்தமாக எண்ண வேண்டும். ஐந்துக்குள் அடுத்த மூச்சு வந்தாக வேண்டும். ஐந்து தாண்டினால் வேறு எதையும் யோசிக்காமல் கத்த வேண்டும்.

கப்பித்தான் பிழைத்ததா என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் போட்டுத் திட்டுவீர்கள். பிழைத்தது. மூன்று காலோடு வள்ளத்தில் ஏறுகிறது, முன்முனையில்தான் உட்காருகிறது என்று இன்னாசி சொல்லி அனுப்பினார். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது அந்தப் பிற்பகலின் கடைசிப் பகுதி.

அழுகை மெல்லத் தேய்ந்தது. பெரிய அலறல் முனகலாயிற்று. முனகலுக்கு நடுவில் இடைவெளி விழுந்தது. வெளியே உப்பு லாரி ஒன்று போன சத்தம் கேட்டது. அது அடங்கியபோது அறையிலும் சத்தம் இல்லை. கப்பித்தான் கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது.

இருபத்து மூன்று வருஷமாக ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும் இந்த அமைதிக்குத்தான் காத்திருந்தேன். இது வந்தால் டீ வாங்கிவரச் சொல்வேன். அன்று அந்த அமைதிக்குத்தான் பயந்தேன்.

இன்னாசி எண்ணுவதை நிறுத்தாமலே என்னைப் பார்த்தார். ஒரு மூச்சுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் அவசரமாகக் கேட்டார்.

"வலி விட்டுருச்சா டாக்டரம்மா? இல்ல மறுபடி முங்குதானா?"

"தெரியலண்ணே" என்றேன். ஒரு உரிமையாளரிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "எண்ணுங்க."

"ஒண்ணு… ரெண்டு… மூணு…" அவர் இன்னும் குனிந்தார். "நாலு…"

அவர் கைக்குக் கீழே நெஞ்சு எழும்பியது. நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் கையையும் அவர் கைமேல் வைத்தேன். இருவருமாக ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினோம்.